மலையூரில் ஓவிய வகுப்பு நடத்துவதால் ஊருக்கு என்ன பயன்?

கோத்தகிரி போன்ற சிறிய ஊரில் ஓவிய வகுப்பு நடத்தினால் பிள்ளைகளுக்குப் பொழுது போவதைத் தவிர ஊருக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே கிடைக்கும் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் வகுப்பு அந்த மண்ணின் கலையிலிருந்து தொடங்க வேண்டும்.

கோத்தகிரிக்கு அருகில் வெள்ளரிக்கொம்பைப் பகுதியில் பழைய பாறை ஓவியங்கள் உள்ளன. அங்கு வாழும் ஆலு குறும்பர் பழங்குடியினர் வேங்கை மரப் பிசின், இலைச்சாறு, மண் ஆகியவற்றிலிருந்து வண்ணம் எடுத்து, தேனெடுப்பையும் திருவிழாவையும் வரைகிறார்கள். பிசின் கரைந்து செம்பழுப்பாக மாறுவதை அருகிலிருந்து பார்க்கும் சிறுமி, வேங்கை எங்கே வளர்கிறது, அதன் பட்டையை எவ்வளவு கீறினால் மரம் பிழைக்கும் என்பதையும் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். கடையில் வாங்கிய வண்ணப் பெட்டியில் இந்தப் பாடம் இருப்பதில்லை.

அதே நீலகிரி மலையில் வாழும் தோடர் பழங்குடிப் பெண்கள் துணியில் எதையும் வரைந்துகொள்ளாமல், இழைகளை எண்ணியே சிவப்பும் கறுப்புமான நூலால் பூத்துக்குளி என்னும் தங்கள் போர்வையில் பூவேலை செய்கிறார்கள். இந்தப் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் அந்த எண்ணிக்கை பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்துதான் பேத்தியின் விரலுக்கு வரும். ஆகவே அந்தப் பாட்டியை ஆசிரியராக அழைத்து, உரிய ஊதியமும் கொடுங்கள். இலவசச் சேவையாகக் கேட்காதீர்கள்.