நூலகப் பள்ளி வெளியீடுகள்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

பல்கலைக்கழக நூலகப் பள்ளிகள், அதாவது நூலகவியல் கற்றுத்தரும் துறைகள், போட்ட இதழ்கள், குறுநூல்கள் பற்றிப் போன வாரம் நாலு வரி எழுதினேன். நெல்லைப் பக்கமிருந்து நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. பாளையங்கோட்டையில் கல்லூரி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (அபிஷேகப்பட்டி, முதுகலை மாணவி): அண்ணாச்சி, பள்ளி வெளியீடு, பல்கலைக்கழகப் பதிப்பக வெளியீடு ரெண்டும் ஒண்ணுதானா?

இல்லம்மா. சிகாகோவை எடுத்துக்கோ. அங்கே நூலகப் பள்ளி 1928இல் வகுப்பு தொடங்கியது, 1931இல் 'லைப்ரரி குவாட்டர்லி' வர ஆரம்பித்தது. பள்ளியை 1989இல் மூடிவிட்டார்கள், இதழோ இன்றைக்கும் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகத்திலிருந்து வந்துகொண்டிருக்கிறது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வேறு மாதிரி. 1952இல் 'லைப்ரரி டிரெண்ட்ஸ்' இதழைத் தொடங்கியது அங்குள்ள நூலகப் பள்ளி, இப்போது வெளியிடுவது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பதிப்பகம். அதனால் ஆய்வேட்டில் மேற்கோள் காட்டும்போது கையில் இருக்கும் இதழின் தலைப்புப் பக்கத்தைப் பார்த்து எழுது. இன்றைய பதிப்பகப் பெயரை 1960ஆம் வருட இதழுக்குப் போட்டுவிடாதே, நிறையப் பேர் செய்கிற தப்பு அது.

கேள்வி (பேட்டை): பழைய லைப்ரரி டிரெண்ட்ஸ் காசில்லாமல் கிடைக்குமா?

கிடைக்கும் தம்பி. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் 'ஐடியல்ஸ்' இணையக் களஞ்சியத்தில் பழைய இதழ்களை எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். வருடத்துக்கு நாலு இதழ், ஒவ்வொன்றும் ஒரே பொருளைப் பற்றி. கட்டுரைத் தலைப்பைத் தேடுவதைவிட இதழின் பொருளைப் பார்த்து முழுசாக இறக்கிக்கொள்.

கேள்வி (வீரவநல்லூர், கல்லூரி நூலகர்): சார், ஸ்டோரில் 'அக்கேஷனல் பேப்பர்ஸ்' என்று ஒரு கட்டு கிடக்கிறது. யாரும் எடுப்பதில்லை, கழித்துவிடச் சொல்கிறார்கள்.

தயவுசெய்து கழிக்காதீர்கள் அம்மா. அதுவும் இல்லினாய் பள்ளி 1949இல் தொடங்கிய வரிசைதான். ஒரு புத்தகம் அளவுக்கு வராது, இதழ்க் கட்டுரைக்கும் அடங்காது, அப்படிப்பட்ட வேலையைச் சின்னச் சின்னக் குறுநூலாகப் போட்டார்கள். ஒரு நூலகத்தை எப்படி நடத்தினார்கள் என்ற அன்றாட விவரம் பெரிய பாடநூல்களில் இருக்காது, இதில் இருக்கும். இதே மாதிரி ஒரு கட்டு ஒரு கல்லூரியில் பழைய பேப்பர்காரனுக்கு எடைக்குப் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், போய்ச் சேர்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. இன்னும் மனசு ஆறவில்லை.

முதலில் தாள்களைக் கோத்திருக்கும் கம்பிப் பின்னைப் பாருங்கள். நம்ம ஊர் ஈரக்காற்றுக்கு அது துருப்பிடித்து, சுற்றிலும் தாளைப் பழுப்பாக்கித் தின்றுகொண்டிருக்கும். பின்பக்கம் மடங்கிய கால்களை மொட்டைக் கத்தியால் மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிட்டு, மடிப்பில் மூன்று துளை போட்டு வெள்ளைப் பருத்தி நூலால் தைத்துவிடுங்கள். செலோடேப் வேண்டவே வேண்டாம். பதிவேட்டில் தனித்தனித் தலைப்பாகவும் ஏற்றுங்கள், வரிசைப் பெயரையும் எண்ணையும் கூடவே போடுங்கள். வரிசைப் பெயரில் மட்டும் ஏற்றியதால்தான் இத்தனை காலம் யார் கண்ணிலும் படவில்லை.

கேள்வி (அம்பாசமுத்திரம்): நம்ம பக்கம் இப்படி எதுவும் வரலையா?

வராமலா? சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். சென்னை நூலகச் சங்கம் நடத்திய பயிற்சிப் பள்ளியை 1931இல் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது. நூலகவியலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் நூலும் அதே 1931இல்தான், வெளியிட்டது அந்தச் சங்கம். சிகாகோவில் குவாட்டர்லி தொடங்கிய அதே வருடம் சென்னையில் இந்த வேலை நடந்திருக்கிறது, நினைத்தாலே எனக்குப் பெருமையாக இருக்கும். அவர் மறைந்தது 1972. நம் சட்டப்படி 2032 முடியும்வரை பதிப்புரிமை உண்டு, மறு அச்சுப் போட நினைப்பவர்கள் அனுமதி வாங்குங்கள்.

கேள்வி (சங்கரன்கோவில், பேராசிரியர்): துறைக் கருத்தரங்கக் கட்டுரைகளை நூலாக்குகிறோம். ஐ.எஸ்.பி.என். (நூலுக்கான சர்வதேச அடையாள எண்) வாங்கித் தர ஒருவர் பணம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள் சார். இந்தியாவில் அது இலவசம், ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையிடம் நீங்களே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். ஒரே நூல் என்றால் இந்தப் பதின்மூன்று இலக்க எண் போதும். வருடாவருடம் அதே பெயரில் தொடர்ந்து வரும் என்றால் தொடர் வெளியீட்டுக்கான எட்டு இலக்க ஐ.எஸ்.எஸ்.என்.னும் வாங்குங்கள். அப்புறம், 1954ஆம் வருடச் சட்டப்படி வெளியான முப்பது நாளுக்குள் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உட்பட மூன்று பொது நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். நம்மில் பாதிப் பேர் இதைச் செய்வதே இல்லை.

கேள்வி (ஆழ்வார்திருநகரி): தமிழில் இப்படிக் குறுநூல் போட்டால் யார் படிப்பார்கள்?

2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் படிப்பார்கள். ரெண்டு நாளைக்குள் காயவைக்காவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும், வெயிலில் போட்டால் தாள் முறுக்கிக்கொள்ளும், நிழலில் நிறுத்திப் பக்கங்களை விரித்து ஃபேன் காற்றில் வைக்க வேண்டும், வழவழப்புத் தாள் ஒட்டிக்கொள்வதற்குள் இடையிடையே உறிஞ்சுதாள் செருக வேண்டும். இதை ஒவ்வொருத்தருக்கும் போனில் வாயாலேயே சொன்னேன். பதினாறு பக்கத்தில் தமிழில் ஒரு குறுநூல் இருந்திருந்தால் அன்றைக்கே எத்தனை ஊருக்கு அனுப்பியிருக்கலாம். எழுத நான் தயார், எந்தத் துறையாவது வரிசை எண் ஒன்று போட்டு வெளியிட முன்வந்தால் சொல்லுங்கள்.