மகள் கரிமக் கடத்தி ஆராய்ச்சிக்குப் போகலாமா?

அன்புள்ள ஐயா,

எம்.எஸ்சி. இயற்பியல் முடிக்கப்போகும் மகள் கரிமக் கடத்திகளில் (மின்சாரம் கடத்தும் கார்பன் சேர்மங்களில்) பிஎச்.டி. செய்யப்போவதாகச் சொன்னதும் தூக்கம் போய்விட்டது என்று எழுதியிருந்தீர்கள். பெற்ற மனசு, புரிகிறது.

அவள் ஆசைப்படுவது நேற்று முளைத்த துறை இல்லை. பிளாஸ்டிக் வகைப் பொருளிலும் மின்சாரம் பாயும் என்று 1977-இல் காட்டிய ஷிரகாவா, மெக்டயர்மிட், ஹீகர் மூவருக்கும் 2000-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. உங்கள் மகளை இழுப்பது இன்னொரு வகை: கரிம உப்புப் படிகங்கள், அதாவது மின்னூட்டம் கொண்ட கார்பன் மூலக்கூறுகள் அடங்கிய படிகங்கள். செம்புக் கம்பியில் எலக்ட்ரான்கள் ஏறக்குறைய தம்பாட்டுக்கு ஓடும். இந்தப் படிகங்களில் சிலவற்றில் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று பலமாகத் தள்ளும். தள்ளல் மிஞ்சினால் ஓட்டமே நின்று, கடத்த வேண்டிய பொருள் கடத்தாமல் போகும். அந்தத் தள்ளலை அளக்க அகச்சிவப்பு ஒளி நல்ல கருவி. பக்கத்து மூலக்கூறுக்குத் தாவ எலக்ட்ரானுக்கு எவ்வளவு ஆற்றல் வேண்டுமோ, நிறமாலையில் (எந்த ஆற்றலில் எவ்வளவு ஒளி உறிஞ்சப்படுகிறது என்று காட்டும் வரைபடத்தில்) அந்த இடத்தில் ஒரு மேடு எழும்.

சரி, வேலை? இந்தப் படிகங்களின் பெயரைச் சொல்லி ஆள் எடுக்கும் கம்பெனியை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் கையில் சேரும் தொழில் வேறு. இந்த நிறமாலையை எடுக்கும் அகச்சிவப்பு நிறமாலைமானி, மருந்து, பாலிமர், பெயின்ட் ஆய்வகங்களில் அன்றாடம் ஓடும் கருவி. போன வாரம் அவள் என்னிடம் சொன்னாள்: மாதிரியைப் பொட்டாசியம் புரோமைடு உப்போடு கலந்து, ஒளி ஊடுருவும் வில்லையாக அழுத்தியபோது மங்கலாக வந்ததாம், நிறமாலையில் 3400 அலைஎண் (ஒளியின் ஆற்றலைக் குறிக்கும் அளவு) பக்கம் அகலமான பட்டை வேறு. ஈரம் என்று தானே கண்டுபிடித்து, உப்பைக் காயவைத்து மறுபடி அழுத்தியிருக்கிறாள். மதிப்பெண் பட்டியலைவிட இதுதான் எனக்கு நம்பிக்கை தந்தது.

பணம்: சிஎஸ்ஐஆர்-நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. வீட்டுப் பணம் பெரிதாகப் போகாது. போவது காலம், ஐந்தாறு வருடம். அதை மனசில் வைத்துத்தான் கல்யாணப் பேச்சையும் எடுக்க வேண்டும்.

நான் பயப்படுவது ஆய்வகத் தேர்வுக்குத்தான். படிகத்தைக் குளிர்வித்து அளப்பதற்கான கருவி அங்கேயே இருக்கிறதா, படிகத்தை யார் வளர்த்துத் தருகிறார்கள், முன்னால் சேர்ந்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள்? வழிகாட்டியிடம் கேட்பதற்கு முன் அங்கே படிக்கும் சீனியர்களிடம் அவளே கேட்கட்டும். கேட்டு வந்ததும் இருவரும் என்னைக் கூப்பிடுங்கள்.