தபால் பெட்டியில் யார் பெயர் ஒட்டியிருக்கிறது?
ஜெர்மனியில் படிக்கும் பிள்ளைகளின் அன்றாடம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகன் அக்டோபர் முதல் வாரம் டிரெஸ்டனில் எம்.எஸ். சேர்ந்தான். ஐந்து வாரம் ஆகியும் பேங்க் கார்டும் வரவில்லை, வரி எண்ணும் வரவில்லை. முகவரியைச் சரியாகத்தான் கொடுத்தேன் என்கிறான். எங்கே தவறு?
– ஒரு தாய், நாமக்கல்

பதில்: அவரைக் கீழே இறங்கிப் போய்த் தபால் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் தவறு அங்கேதான் இருக்கும்.

ஜெர்மனியில் அடுக்குமாடி வீடுகளுக்கு நம் ஊர் போலக் கதவு எண் எழுதும் வழக்கம் அதிகம் இல்லை. தெருப் பெயரும் கட்டட எண்ணும் மட்டும்தான் முகவரி. வாசலில் இருபது பெட்டிகள் வரிசையாக இருந்தால், உறையில் உள்ள குடும்பப் பெயரைத் தபால்காரர் அந்தப் பெட்டிகளில் தேடுவார். அந்தப் பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும்.

நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லாததால் இது இன்னும் சிக்கலாகிறது. மகன் பெயர் கார்த்திக், அப்பா பெயர் முருகேசன், பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் முருகேசன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லா அலுவலகமும் 'ஹெர் முருகேசன்', அதாவது திரு. முருகேசன் என்றுதான் எழுதும். பையனோ, நண்பர்கள் கூப்பிடுவது போல 'கார்த்திக்' என்று ஒட்டியிருப்பான். தபால்காரருக்கு அது வேறு ஆள். அதனால் பாஸ்போர்ட்டில் இருக்கும் இரண்டு பெயரையும் அதே எழுத்துக்கூட்டலில், பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்ட வேண்டும். சில கட்டடங்களில் நாமே ஒட்டக்கூடாது. கட்டடப் பராமரிப்பாளரான ஹவுஸ்மைஸ்டரிடம் சொல்லித்தான் செய்ய முடியும். இன்னொருவர் வீட்டில் உள்வாடகைக்கு இருந்தால், முகவரியில் தன் பெயருக்குக் கீழே 'சி/ஓ' போட்டு வீட்டுக்காரர் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

அடுத்து, அன்மெல்டுங் எனும் முகவரிப் பதிவு முடிந்ததா என்று கேளுங்கள். குடியேறி இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் இதைச் செய்ய வேண்டும். பாஸ்போர்ட்டோடு, வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட குடியேற்ற உறுதிக் கடிதமும் வேண்டும். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. பெரிய நகரங்களில் அப்பாயின்ட்மென்ட் இரண்டு வாரத்துக்குள் கிடைப்பது கடினம். கிடைக்கிற முதல் தேதியைப் பதிந்து, அந்த மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். 'அறை தருகிறேன், பதிவு மட்டும் முடியாது' என்று சொல்பவரிடம் முன்பணம் கொடுக்கவே வேண்டாம்.

பதிவு முடிந்தால் 11 இலக்க வரி எண் தானாகவே தபாலில் வரும். பொதுவாக இரண்டு மூன்று வாரம் ஆகும். பேங்க் கார்டும் அதன் ரகசிய எண்ணும் தனித்தனி உறைகளில் வெவ்வேறு நாளில் வரும். ஒன்று மட்டும் வந்தால் பதற வேண்டாம். திரும்பிப் போயிருக்கும் என்று தோன்றினால், பெயரை ஒட்டிய பிறகு வங்கியிடம் மறுபடி அனுப்பச் சொல்லலாம்.

கூடவே ஒளிபரப்புக் கட்டணக் கடிதம் ஒன்றும் வரும். மாதம் 18.36 யூரோ. வீட்டில் டிவி இல்லையென்றாலும் கட்ட வேண்டும். ஆனால் இது ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. நான்கு பேர் பகிர்ந்து இருக்கும் வீட்டில் ஒருவர் கட்டினால் போதும். மற்ற மூவரும் அவருடைய கட்டண எண்ணை எழுதிப் பதில் அனுப்பிவிடலாம். விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்டால் பாக்கி, அபராதத்தோடு ஏறும்.

அரசு அலுவலகமோ நீதிமன்றமோ அனுப்பும் மஞ்சள் உறைக் கடிதத்தை அன்றைக்கே பிரிக்கச் சொல்லுங்கள். பெட்டியில் போட்ட தேதியைத் தபால்காரர் உறையின் மேலேயே எழுதியிருப்பார். பதில் கொடுக்க வேண்டிய கெடு அந்தத் தேதியிலிருந்து ஓடும், பையன் படித்த தேதியிலிருந்து அல்ல. அதனால் உறையையும் கடிதத்தோடு சேர்த்து வைக்க வேண்டும்.

கேள்வி: குளிர்காலத்தில் இட்லி மாவு இரண்டு நாள் வைத்தும் பொங்கவில்லை. ஹீட்டரைக் கூட்டி வைத்தேன். இப்போது ஜன்னல் ஓரச் சுவரில் கறுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. இரண்டுக்கும் வழி சொல்லுங்கள்.
– மாணவி, பிரெமன்

பதில்: மாவு நன்றாகப் பொங்க 27 முதல் 30 டிகிரி வெப்பம் வேண்டும். ஜெர்மன் ஹீட்டர் திருகில் 3 என்றால் அறை சுமார் 20 டிகிரி. ஒவ்வொரு எண்ணுக்கும் ஏறக்குறைய 4 டிகிரி கூடும். மாவுக்காக 5-இல் வைத்தால் வருடக் கடைசியில் வெப்பக் கணக்கு பார்க்கும்போது பெரிய தொகை வந்து நிற்கும். அறையைச் சூடாக்க வேண்டாம், மாவை மட்டும் சூடாக வைத்தால் போதும். ஓவனுக்குள் பாத்திரத்தை வைத்து விளக்கை மட்டும் போட்டு மூடுங்கள். அந்த விளக்கின் சூடே போதும். 12 முதல் 14 மணி நேரத்தில் மாவு எழும்பிவிடும். மாவு அரைப் பாத்திரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. வழிந்தால் பிடிக்க அடியில் ஒரு தட்டு வையுங்கள். பகிர்ந்த சமையலறை என்றால் ஓவன் கதவில் 'உள்ளே மாவு இருக்கிறது' என்று ஜெர்மனில் எழுதி ஒட்ட மறக்காதீர்கள். இல்லையென்றால் யாராவது பீட்ஸாவுக்காக 220 டிகிரி போட்டுவிடுவார்கள்.

கறுப்புப் புள்ளிகள் பூஞ்சை. சோறு வடிப்பது, குளிப்பது, துணியை அறைக்குள்ளேயே உலர்த்துவது என்று எல்லா ஈரமும் காற்றில் ஏறுகிறது. ஜெர்மன் வீடுகள் காற்று புகாதபடி கட்டப்பட்டவை. அந்த ஈரம் போக வழியில்லாமல் குளிர்ந்த சுவரில் போய்ப் படிகிறது. பலரும் ஜன்னலின் மேற்பக்கத்தை மட்டும் சாய்த்து நாள் முழுக்க வைப்பார்கள். அதுதான் கெடுதல். காற்று சரியாக மாறாது, ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் மட்டும் ஜில்லிட்டு அங்கேயே பூஞ்சை பிடிக்கும். ஹீட்டரை அணைத்துவிட்டு ஜன்னலை அகலத் திறந்து ஐந்து நிமிடம் வைத்து மூடுங்கள். காலை, மாலை, சமைத்த பிறகு என்று தினம் மூன்று முறை. அலமாரியையும் கட்டிலையும் வெளிச்சுவரிலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளிப் போடுங்கள். இப்போதுள்ள புள்ளிகளைப் படம் எடுத்து, வீட்டு உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். மறைத்து வெள்ளை அடித்தால், காலி செய்யும்போது மூன்று மாத வாடகை வரை கொடுத்திருக்கும் முன்பணத்தில் கை வைப்பார்கள்.

கேள்வி: விடுதியில் தாளிக்கும்போது புகை அலாரம் அடிக்கிறது. கதவைத் திறந்து வைத்தேன், கட்டடம் முழுக்க அலறியது. என்ன செய்வது?
– மாணவர், மாக்டபுர்க்

பதில்: அறைக் கதவைத் திறந்ததுதான் பிழை. அறைக்குள் இருக்கும் அலாரம் பெரும்பாலும் தனியாக அடிப்பது. தாழ்வாரத்தில் இருப்பது பல விடுதிகளில் தீயணைப்பு நிலையத்தோடு இணைந்திருக்கும். வீணாக வண்டி வந்தால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழலாம். தாழ்வாரக் கதவை இறுக்கி மூடி, வெளிப்பக்க ஜன்னலைத் திறந்து, அதன் பிறகு அடுப்பைப் பற்ற வையுங்கள். எண்ணெய் புகையும் வரை காயவிட வேண்டாம். மிதமான சூட்டில் கடுகு போட்டு உடனே மூடி, வெடித்து அடங்கியதும் அடுப்பை அணைத்து, அந்தச் சூட்டிலேயே மிளகாயைப் போடுங்கள். அலாரத்துக்கு பிளாஸ்டிக் பை கட்டுவது உயிருக்கே ஆபத்து. செய்யாதீர்கள்.

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் தன் உணவு டெலிவரி கணக்கைத் தருகிறேன், ஓட்டு என்கிறார். மாணவர் விசாவில் இது சரியா?
– மாணவர், பெர்லின்

பதில்: கூடவே கூடாது. அடுத்தவர் பெயரில் வேலை செய்வது சட்டவிரோதம். விபத்து நேர்ந்தால் காப்பீடும் கைகொடுக்காது, தங்கும் அனுமதியும் போகும். அனுமதி வாங்காமல் சுயதொழிலாகச் செய்வதும் தடை. முறையான வேலை ஒப்பந்தம் இருந்தால் 2024 மார்ச் முதல் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம்; அரை நாள் என்பது நான்கு மணி நேரம் வரை. பல்கலைக்கழகத்திலேயே உதவியாளர் வேலை கிடைத்தால் அது இந்தக் கணக்கில் சேராது. அதைத்தான் முதலில் தேடச் சொல்வோம். வகுப்பு நடக்கும் காலத்தில் எல்லா வேலையும் சேர்த்து வாரம் 20 மணியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் மாணவர் காப்பீட்டுச் சலுகை போய்விடும்.

கேள்வி: பரீட்சை அன்று காய்ச்சல். போகாமல் விட்டால் அடுத்த முறை எழுதிக்கொள்ளலாமா?
– மாணவி, கெம்னிட்ஸ்

பதில்: பதிவு செய்துவிட்டு, விலகல் கெடுவும் கடந்தபின் சும்மா போகாமல் இருந்தால் 5.0, அதாவது தோல்வி என்று போட்டுவிடுவார்கள். அன்றைக்கே மருத்துவரிடம் போய்ச் சான்று வாங்கித் தேர்வு அலுவலகத்தில் தாமதமின்றிக் கொடுக்க வேண்டும். பல இடங்களில் சாதாரண விடுப்புச் சீட்டு செல்லாது; தேர்வு எழுத இயலாது என்று குறிப்பிடும் தனிப் படிவம் பல்கலைக்கழக இணையதளத்தில் இருக்கும். அதை அச்செடுத்துக் கையோடு கொண்டு போங்கள். கிளினிக் மூடிய நேரம் என்றால் 116117 என்ற மருத்துவ உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். பெரும்பாலான துறைகளில் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்புதான். கட்டாயப் பாடத்தில் மூன்றும் போனால் அந்தப் படிப்பையே ஜெர்மனியில் தொடர முடியாமல் போகலாம். உங்கள் துறையின் தேர்வு விதிகளை இந்த வாரமே உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

கேள்வி: மகளுக்கு நெய், கறிவேப்பிலை, பொடி வகைகள் கொடுத்து அனுப்பலாமா?
– ஒரு தந்தை, தென்காசி

பதில்: இட்லிப் பொடி, பருப்புப் பொடி, ஊறுகாய் தாராளமாகக் கொடுங்கள். நெய், பால்கோவா, கருவாடு மூன்றில் கருவாடு அளவோடு போகும். பால் பொருள் எதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரக்கூடாது, சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று கேட்பார்கள். நிழலில் உலர்த்திப் பொடித்துக் கொடுங்கள். நெய்யை அங்கேயே காய்ச்சிக்கொள்ளலாம். உப்பில்லாத 250 கிராம் வெண்ணெயை அடி கனத்த பாத்திரத்தில் சிறு தீயில் உருக்கினால் ஏறக்குறைய 200 கிராம் நெய் இறங்கும். நேரமில்லாத வாரம், 'புட்டர்ஷ்மால்ட்ஸ்' என்று எழுதிய டப்பாவைக் கடையில் தேடச் சொல்லுங்கள். அதுவும் உருக்கிய வெண்ணெய்தான்.