முட்டுக்கட்டை போடுகிற ஆள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்கு இரண்டு பையன்கள். பெரியவன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். அங்கே போய் ஆறு வருடத்தில் ஆர்சிபி ரசிகனாக மாறிவிட்டான். சின்னவன் இங்கே காலேஜ் படிக்கிறான், சிஎஸ்கே என்றால் உயிர். 2025 ஜூன் 3 ராத்திரி ஆர்சிபி கோப்பையை ஜெயித்ததும் பெரியவன் தம்பிக்குப் போன் போட்டுக் கேலி செய்தான், அது சண்டையில் முடிந்தது. மறுநாள் சின்னசாமி ஸ்டேடியம் வாசலில் நெரிசல் என்று டிவியில் வந்தபோது தம்பி அண்ணனுக்கு இருபது முப்பது தடவை போன் செய்தான். நல்லவேளை, அவன் ஆபீஸில் மாட்டிக்கொண்டதால் அங்கே போகவில்லை. ஆனால் போனை எடுத்ததும் மறுபடி சண்டை. அன்றிலிருந்து இருவரும் பேசுவதில்லை.

நாங்களும் கொண்டாடியவர்கள்தான். 2011 உலகக் கோப்பைக்கு நானே வெடி வாங்கிக் கொடுத்தேன். 2023-ல் சிஎஸ்கே ஜெயித்த ராத்திரி சின்னவனும் கூட்டாளிகளும் ஒரே பைக்கில் மூன்று பேராகப் பாண்டி வரை போய்வந்தார்கள். பசங்க சந்தோஷம், விட்டுவிட்டேன். இப்போது பயமாக இருக்கிறது. 1999-ல் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கே எழுந்து நின்று கைதட்டியவர்கள் நாம். அந்தப் பண்பு எங்கே போயிற்று? கிரிக்கெட் அந்நிய விளையாட்டு என்பதால்தானோ இந்த வெறி? நம் கபடியில் இப்படி இல்லையே. ஐபிஎல்லைத் தடை செய்தால் என்ன? என் பிள்ளைகள் இரண்டு பேரையும் எப்படிப் பேச வைப்பது?

ஆர்.,
கடலூர் முதுநகர்

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதம் வந்த வாரம்தான் என் மாமாவுக்குக் கருமாதி முடிந்திருந்தது. அம்மாவின் தம்பி. எண்பதைத் தாண்டியவர். அவரைப் பற்றி நினைத்துக்கொண்டே உங்கள் கடிதத்தைப் படித்ததால், பதிலில் அவர்தான் அதிகம் வருவார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடுகிறேன்.

கபடியில் வெறி இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? பொங்கல் சமயத்தில் நம் பக்கத்துக் கிராமங்களில் விடிய விடிய நடக்கும் போட்டியை ஒரு ராத்திரி உட்கார்ந்து பாருங்கள். பாடிப்போனவன் கோட்டைத் தொட்டானா இல்லையா என்று நடுவரைச் சூழ்ந்துகொண்டு, டியூப் லைட்டை உடைத்து, அதோடு இரண்டு ஊரும் சில வருடங்கள் பெண் கொடுத்துப் பெண் எடுக்காமல் இருந்ததை நான் அறிவேன். விளையாட்டு எந்த நாட்டில் பிறந்தது என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஐபிஎல் தடை பற்றிப் பேச எனக்கு விருப்பம் இல்லை, விடுங்கள்.

சேப்பாக்கம்? உண்மைதான். டெண்டுல்கர் 136 அடித்தும் 12 ரன்னில் தோற்றோம். வாசிம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஆனால் அந்த ஒரு நாளை வைத்து எத்தனை வருடம் பெருமை பேசுவது? 2022 அக்டோபரில், நமக்குப் பக்கத்து மாவட்டமான அரியலூரில், இரண்டு நண்பர்கள் குடித்துவிட்டு ரோகித்தா கோலியா என்று பேச ஆரம்பித்தார்கள். கிரிக்கெட் மட்டையால் அடிபட்டு ஒருவன் செத்தான். இரண்டும் நம் ஊரில் நடந்ததுதான். ஒன்றை மட்டும் எடுத்து மாலை போட்டு வைத்துக்கொள்ள முடியாது.

இனி உங்கள்மேல் எனக்கு இருக்கும் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரே பைக்கில் மூன்று பேர், நடுராத்திரி, கடலூரிலிருந்து பாண்டிக்கு. அப்போது உங்கள் சின்னவனுக்கு லைசென்ஸ் எடுக்கும் வயதுகூட ஆகியிருக்காது. இதைப் பசங்க சந்தோஷம் என்று ஒரு வரியில் எழுதித் தாண்டிப் போகிறீர்கள். பெங்களூரைப் பார்த்து வந்த பயம் உங்களுக்கு அன்று ராத்திரியே வந்திருக்க வேண்டும் ஆர். நீங்கள் வாசலில் உட்கார்ந்து விழித்திருந்தீர்களா, தூங்கிவிட்டீர்களா?

கேட்கக் காரணம் இருக்கிறது. அதே ராத்திரி நானும் அதே சாலையில் இருந்தேன். மழையால் ஒரு நாள் தள்ளிப்போன அந்த இறுதிப் போட்டி, மே 30 பிறந்து ஒன்றரை மணி நேரம் ஆனபிறகுதான் முடிந்தது. கடைசி இரண்டு பந்தில் பத்து ரன். ஜடேஜா ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். எனக்கு இதெல்லாம் மறுநாள் பேப்பரில் தெரிந்ததுதான். பாண்டியில் ஒரு மருத்துவமனையில் அக்காவுக்குத் துணையாக இருந்துவிட்டு, மாற்று ஆள் வந்ததும் ஸ்கூட்டரில் கடலூர் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிரே வரிசையாக பைக்குகள். சைலன்சரைக் கழற்றியிருந்தார்கள். கொடி பிடித்தவன் பின்சீட்டில் எழுந்து நின்றுகொண்டு வந்தான். நான் தவளக்குப்பத்திலேயே ஓரம் கட்டிவிட்டு, அவர்கள் போனபிறகு புறப்பட்டேன்.

கன்னியக்கோயில் தாண்டி, மூடியிருந்த ஒரு டீக்கடை பெஞ்சில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். மஞ்சள் ஜெர்சி, முதுகில் 7. பேன்ட் முட்டியில் கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது. ஒரு காலில்தான் செருப்பு. கூட வந்தவர்கள் எங்கே என்று கேட்டேன். "தெரியல சார், நான் விழுந்ததை அவங்க பாக்கல." போனில் சார்ஜ் இல்லை. என்னிடம் இருந்த தண்ணீரை ஊற்றி, துண்டைக் கிழித்துக் கட்டினேன். வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டி முடித்தபோது கேட்டான்: "சார், கடைசி பால் எந்தப் பக்கம் அடிச்சாரு? எல்லாரும் எந்திரிச்சு குதிச்சிட்டாங்க, எனக்கு டிவி தெரியல."

நானும் பார்க்கவில்லை தம்பி என்றேன். அவன் முகம் வாடியதை இன்னும் மறக்க முடியவில்லை. பின்னால் உட்காரவைத்துக் கொண்டுவந்து அவன் வீட்டில் விட்டேன். வழியெல்லாம் "ஜெயிச்சிட்டோம் சார், ஜெயிச்சிட்டோம் சார்" என்று என் தோளில் தாளம் போட்டுக்கொண்டே வந்தான். அந்தப் பையனை யாரால் வெறுக்க முடியும்? யாரோ பன்னிரண்டு பதிமூன்று பேர் அகமதாபாத்தில் ஆடிய ஆட்டத்துக்காக, கடலூரில் ஒரு பையன் முட்டி வலியை மறந்து பாடுகிறான். எனக்கு அது அற்பமாகத் தெரியவில்லை. அதை அற்பம் என்று எழுதுகிறவர்கள்மேல் எனக்கு மரியாதையும் இல்லை. என்னை உலுக்கியது வேறு: அவன் விழுந்ததை ஒருவன்கூடப் பார்க்கவில்லை. அத்தனை பைக்கில் ஒருவன்கூடத் திரும்பி எண்ணிப் பார்க்கவில்லை.

இப்போது மாமாவுக்கு வருகிறேன்.

திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலில் வைகாசித் தேர் ஓடும். உங்களுக்குத் தெரிந்திருக்கும், வடமும் பிடித்திருப்பீர்கள். மாமா அந்தத் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களில் ஒருவர். கனமான மரத்தில் ஆப்பு மாதிரி செதுக்கிய கட்டை. சக்கரம் உருளும்போது பக்கத்திலேயே குனிந்தபடி நடக்க வேண்டும். தேர் மேல் நிற்பவர் துண்டை வீசினால், அந்த நொடியில் கட்டையைச் சக்கரத்தின் அடியில் கொடுக்க வேண்டும். ஒரு நொடி முந்தினால் கட்டை தெறித்து ஆள்மேல் வரும். பிந்தினால் தேர் போய்க்கொண்டே இருக்கும். இழுப்பவர்களுக்குத் தேரை நிறுத்தத் தெரியாது. நிறுத்தவும் முடியாது, பின்னால் இருப்பவன் தள்ளிக்கொண்டே வருவான், முன்னால் இருப்பவனுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது.

நாம் முட்டுக்கட்டை என்ற சொல்லை எதற்கு வைத்திருக்கிறோம் பாருங்கள். நல்ல காரியத்தைக் கெடுக்கிறவன் முட்டுக்கட்டை போடுகிறான் என்கிறோம். தேர் ஓடும் ஊரில் பிறந்தவன் அப்படிப் பேசக் கூடாது. தேர் முனையில் திரும்புவதே கட்டையால்தான். ஒரு பக்கத்துச் சக்கரத்துக்கு மட்டும் கட்டை கொடுத்து, தேரை ஒடித்து, அடுத்த தெருவுக்குத் திருப்புவார்கள். சின்ன வயதில் நான் முனை வீட்டுத் திண்ணையில் நின்று மாமாவையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஜனம் முழுக்க மேலே பார்த்துக் கையெடுத்துக் கும்பிடும்போது அவர் மட்டும் கீழே பார்ப்பார். கழுத்து நரம்பு புடைத்திருக்கும். இரண்டு உள்ளங்கையும் காய்த்துப்போய், தொட்டால் பனைமட்டை மாதிரி இருக்கும்.

ஒரு வருடம் கேட்டேன், "சாமியைப் பாத்தியா மாமா?"

"நிலைக்கு வந்தப்புறம் பாத்துக்குவேன்டா."

தேர் நிலைக்கு வந்தபிறகும் அவர் உடனே சாமி பார்க்கப் போகமாட்டார். கட்டைகளை எண்ணி வைப்பார். அப்புறம் கூட வேலை செய்த ஆட்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். எல்லாரும் குரல் கொடுத்த பிறகுதான் தலைத்துண்டை அவிழ்ப்பார். தேய்ந்துபோன கட்டை ஒன்று அவர் வீட்டில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க வைக்கப்பட்டிருந்தது. கருமாதி அன்று அதைக் கேட்டு வாங்கி வந்தேன். இதை எழுதும்போது மேசைமேல் இருக்கிறது.

தேரில் விபத்தே கிடையாது என்று சொல்ல வரவில்லை. 2022 ஏப்ரலில் தஞ்சாவூர்ப் பக்கம் களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் போனார்கள். அப்பர் கல்லோடு மிதந்து கரையேறிய ஊர்க்காரர்கள் நாம், அந்தச் செய்தியை எப்படிக் கேட்டிருப்போம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்தி இருந்தால் போதும் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த 11 பேர்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

பெங்களூரிலும் 11 பேர். எண் ஒன்றாக இருப்பது தற்செயல்தான், ஆனாலும் மனது சேர்த்துப் பார்க்கிறது. 18 வருடம் கோப்பைக்குக் காத்திருந்த ஊர். ராத்திரி ஜெயித்து, மறுநாள் சாயங்காலம் விழா. நடுவில் ஒரு முழு நாள்கூட இல்லை. ஊர்வலம் உண்டா இல்லையா, உள்ளே போக டிக்கெட் வேண்டுமா வேண்டாமா என்று குழப்பம். லட்சக்கணக்கில் வந்து வாசலில் நின்றார்கள். யார்மீது குற்றம் என்பதை நீதிமன்றங்கள் பார்க்கட்டும். சாலையில் குவிந்து கிடந்த செருப்புகளைப் படத்தில் பார்த்தபோது, கன்னியக்கோயில் பையனின் ஒற்றைச் செருப்புதான் எனக்கு ஞாபகம் வந்தது. இழுக்க அத்தனை கை இருந்தது. சக்கரத்தைப் பார்த்துக் குனிந்து நடக்க ஆள் போதவில்லை.

இதைச் சொன்னால் கூட்டமே மோசம், ஜனங்களே மந்தை என்று சிலர் ஆரம்பிப்பார்கள். எனக்கு அதில் துளியும் சம்மதம் இல்லை. 2024 ஜூலை 4 அன்று, டி20 உலகக் கோப்பையோடு வந்த அணியைப் பார்க்க மும்பை மரைன் டிரைவில் எள் போட இடமில்லாத கூட்டம். அதற்குள் ஒரு ஆம்புலன்ஸ் வந்தது. ஜனம் விலகி வழிவிட்டது. கூட்டத்துக்குக் கண் உண்டு, அதற்குக் காட்டத்தான் ஆள் வேண்டும்.

பாண்டியில் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன இல்லையா, என் நண்பர் ஒருவர் அப்படிப்பட்ட சொல்தா வீட்டுக்காரர், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் குடும்பம். 2018 ஜூலை 15, கால்பந்து உலகக் கோப்பை இறுதியில் பிரான்ஸ் 4-2 என்று குரோஷியாவை ஜெயித்த ராத்திரி நான் அவரோடு கடற்கரைச் சாலையில் நடந்தேன். அவர் கழுத்தில் பிரான்ஸின் மூவர்ணத் துணி. பேரன் தோளில். பாடினார்கள், விசிலடித்தார்கள், முன்பின் தெரியாதவர்களைக் கட்டிப்பிடித்தார்கள். ஒரு வண்டி இல்லை. மாலையிலிருந்து காலைவரை அந்தச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். ஒரு பக்கம் கடல். நடந்து, பாடி, கால் வலித்ததும் வீட்டுக்குப் போனோம். அந்தத் தடுப்புக் கம்பியை இழுத்துப் போட்டுவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காவலரை அன்று நான் கவனிக்கவே இல்லை. இப்போது நினைத்தால் அவர்தான் கண்ணில் நிற்கிறார்.

நம் கடலூரில் இதைச் செய்ய என்ன தடை? அடுத்த இறுதிப் போட்டிக்கு மஞ்சக்குப்பம் மைதானத்தில் திரை கட்டுங்கள். வெடியை மைதானத்தின் ஒரு மூலையில், பெரியவர் ஒருவர் கையில் கொடுங்கள். பைக் சாவியை உள்ளே வரும்போதே வாங்கி வையுங்கள். முடிந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணி அனுப்புங்கள். 2011-ல் வெடி வாங்கிக் கொடுக்கத் தெரிந்த உங்களுக்கு இதையும் செய்யத் தெரியும். போலீஸ் செய்யட்டும், கலெக்டர் செய்யட்டும் என்று எனக்கு இன்னொரு கடிதம் எழுதாதீர்கள்.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சண்டை போட்டுக்கொண்ட மறுநாள் தம்பி அண்ணனுக்கு இருபது முப்பது தடவை போன் போட்டான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு மணி நேரம் அவன் எப்படி இருந்தான், எங்கே உட்கார்ந்திருந்தான், சாப்பிட்டானா என்பதைப் பெரியவனுக்கு யாராவது சொன்னீர்களா? அவனுக்குத் தெரிந்தது போனை எடுத்ததும் கேட்ட திட்டு மட்டும்தான். பயந்தவன் திட்டத்தான் செய்வான். நீங்கள் போன் செய்து சொல்லுங்கள். நீட்டி முழக்க வேண்டாம், பார்த்ததைச் சொன்னால் போதும்.

அப்புறம், வரும் வைகாசிக்குச் சின்னவனைத் தேருக்கு அழைத்து வாருங்கள். விடிந்ததும் வந்துவிடுங்கள், வெயில் ஏறினால் தார் ரோட்டில் கால் வைக்க முடியாது. முனையில் கூட்டத்துக்குத் தள்ளி, ஒரு திண்ணையில் ஏற்றி நிறுத்துங்கள். தேர் திரும்பும்போது அண்ணனுக்கு வீடியோ கால் போட்டு, சக்கரத்துப் பக்கத்தில் குனிந்து நடக்கிற ஆளைக் காட்டச் சொல்லுங்கள். மாமா இல்லை, அவர் இடத்தில் இப்போது வேறு ஒருவர் போடுகிறார். தேரடியில் நீர்மோர் கொடுக்கும் இடத்தில் நான் நிற்பேன்.