அலைவது யார்?

கேள்வி: இணையதளப் பெயருக்கு உரிய எண் முகவரியை (ஐபி முகவரி) கண்டுபிடித்துத் தரும் டிஎன்எஸ் சர்வரை அமைக்கும்போது 'ரிகர்சிவ்' வேண்டுமா, 'ஃபார்வர்டிங்' வேண்டுமா என்கிறார்கள். இரண்டும் ஐபி முகவரியைத்தானே தரப்போகின்றன, என்ன வித்தியாசம்?

பதில்: உங்கள் கணினிக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, பதிலுக்காக அலைவது யார் என்பதில்தான் விஷயம். ரிகர்சிவ் சர்வர் தானே படியேறும். தமிழ் விக்கிப்பீடியாவைக் கேட்டால், முதலில் டிஎன்எஸ் அடுக்கின் உச்சியில் இருக்கும் ரூட் சர்வர்களின் 13 பெயர்களில் ஒன்றிடம் போகும், அது "எனக்குத் தெரியாது, டாட் ஆர்க் சர்வரைக் கேள்" என்று கைகாட்டும், அங்கே போனால் விக்கிப்பீடியாவின் சொந்த சர்வரைக் காட்டுவார்கள், அங்கேதான் முகவரி கிடைக்கும்.

ஃபார்வர்டர் இவ்வளவு மெனக்கெடாது. கேள்வியை கூகுளின் 8.8.8.8 மாதிரி ஒரு ரிகர்சிவ் சர்வரிடம் தள்ளிவிட்டு, வந்த பதிலை உங்களிடம் நீட்டும், அவ்வளவுதான். வீட்டு ரவுட்டர் பெரும்பாலும் இந்த ரகம். பதிலை, அதற்குக் குறித்த ஆயுள் (டிடிஎல்) முடியும்வரை கேஷில், அதாவது தற்காலிகச் சேமிப்பில், வைத்துக்கொள்வது இரண்டுக்கும் பொது.

ஃபார்வர்டர் சுலபம்தான், ஆனால் நீங்கள் தேடும் பெயர்களெல்லாம் மேலே இருப்பவருக்குத் தெரியும், அவர் படுத்துவிட்டால் நீங்களும் காலி. பைண்ட் என்ற டிஎன்எஸ் சர்வர் மென்பொருளில் 'ஃபார்வர்ட் ஃபர்ஸ்ட்' போட்டால் அப்படிப்பட்ட நேரத்தில் அதுவே தேடப் போகும். 'ஃபார்வர்ட் ஒன்லி' என்றால் கையை விரித்துவிடும். அப்புறம், ரிகர்சிவ் வைத்தால் உங்கள் நெட்வொர்க்குக்கு மட்டும் திறந்து வையுங்கள், ஊருக்கே திறந்துவிட்டால் அடுத்தவர் மீதான தாக்குதலுக்கு அதையே பயன்படுத்திவிடுவார்கள்.