‘பச்சை விறகும் எரியும்’ என்பவரிடம் பேர்னஸ் வாங்காதீர்கள்

கேள்வி: ரொறொன்ரோவின் ஸ்காபரோவை விட்டு ஒன்ராறியோவின் லின்ட்சேக்கு வெளியே ஒரு பழைய பண்ணை வீட்டுக்கு வந்து ஒரு வருடமாகிறது. எங்கள் தெருவுக்கு எரிவாயுக் குழாய் கிடையாது, புரொப்பேன்தான். போன ஜனவரியில் மட்டும் 1,100 லீற்றர் போய்விட்டது. வீட்டில் வயதான மாமியும் இரண்டு பிள்ளைகளும் இருப்பதால் சூட்டைக் குறைக்க முடியவில்லை. ஒருவர், பாவித்த அவுட்டோர் வுட் பேர்னஸ் (வெளியே நின்று விறகெரித்து வீட்டைச் சூடாக்கும் அடுப்பு) ஒன்றை 4,500 டொலருக்குத் தருகிறாராம், குழாய் தாட்டு இணைத்தும் கொடுப்பாராம். “250,000 பி.ரி.யு., பெரிய வாய், பச்சை விறகும் எரியும், பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் போட்டால் போதும்” என்கிறார். வாங்கலாமா? வாங்கினால் எப்படிப் பராமரிப்பது?

பதில்: இந்தப் பேர்னஸ் வேண்டாம். விறகால் வீட்டைச் சூடாக்கும் எண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. ஒன்ராறியோவின் கிராமப்புறத்தில், காணியும் மரமும் உள்ளவர்களுக்கு அது நல்ல வழிதான். ஆனால் அவர் உங்களிடம் சொன்ன நான்கு சிறப்புகளில் மூன்று உண்மையில் குறைபாடுகள்.

முதலில் இது வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளியே சிறு கொட்டில் போல நிற்கும் பெட்டிக்குள் நெருப்பறை இருக்கிறது. அதைச் சுற்றித் தண்ணீர். அந்தத் தண்ணீர் 80 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாகி, நிலத்தடிக் குழாய் வழியாக வீட்டுக்குள் வருகிறது. உங்கள் புரொப்பேன் பேர்னஸின் காற்றுப் பாதையில் வைத்த சுருளுக்குள் ஓடிச் சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகிறது. வீடு போதுமான அளவு சூடானதும் பழைய வகைப் பேர்னஸ் காற்று வாயை மூடிவிடும். நெருப்பு அணையாது, எரியவும் எரியாது, புகைந்துகொண்டே கிடக்கும். அந்தப் புகை, தண்ணீர் பட்டுக் குளிர்ந்திருக்கும் இரும்புச் சுவரில் படிந்து கரிய தாராக இறுகும். கிரியோசோட் என்பது அதுதான். அதில் அமிலம் உண்டு, இரும்பைத் தின்னும். புகைபோக்கியில் தீப்பிடிக்கவும் அதுவே காரணம்.

சரி, மணிக்கு 250,000 பி.ரி.யு. உங்களுக்குத் தேவையா? (பி.ரி.யு. என்பது வெப்பத்தை அளக்கும் அலகு.) இதற்கு விற்பனையாளரைக் கேட்கவேண்டியதில்லை, உங்கள் புரொப்பேன் பில் போதும். ஒரு லீற்றர் புரொப்பேனில் ஏறத்தாழ 24,000 பி.ரி.யு. இருக்கிறது. 1,100 லீற்றருக்கு 26 மில்லியனுக்குச் சற்று மேல். பேர்னஸில் வீணாகும் சிறு பங்கைக் கழித்து, ஜனவரியின் 744 மணித்தியாலத்தால் பிரித்தால் மணிக்குச் சராசரி 34,000 பி.ரி.யு. வரும். மைனஸ் 30 அடிக்கும் இரவுக்கு அதை இரட்டிப்பாக்குங்கள், குளிக்கும் வெந்நீருக்கும் கொஞ்சம் சேருங்கள். எப்படிப் பார்த்தாலும் ஒரு லட்சத்தைத் தாண்டவில்லை. அவர் தருவது அதைப்போல இரண்டரை மடங்கு. அவ்வளவு பெரிய பெட்டி உங்கள் வீட்டுக்கு நாளில் பெரும்பகுதி வாயை மூடிப் புகைந்துகொண்டுதான் கிடக்கும். ‘பன்னிரண்டு மணித்தியாலம் நிற்கும்’ என்று அவர் பெருமையாகச் சொல்வது இந்தப் புகைச்சலைத்தான்.

பச்சை விறகு விடயத்தில் எனக்குப் பொறுமையே இல்லை. அப்போது வெட்டிய மரத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை தண்ணீர். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வெப்பம் முதலில் அந்தத் தண்ணீரை ஆவியாக்கப் போகிறது, மிச்சம்தான் வீட்டுக்கு. பச்சை விறகு எரியும் என்பது பொய்யல்ல, பழைய வகையில் எரியத்தான் செய்யும். ஒரு பனிக்காலத்துக்கு ஏழு கோர்ட் (விறகை அளக்கும் அலகு, கீழே சொல்கிறேன்) போதுமான வீட்டில் பன்னிரண்டு, பதின்மூன்று கோர்ட் எரியும், அயல்வீட்டுப் பிள்ளைக்கு இருமல் வரும், நகரசபைக்கு முறைப்பாடு போகும். இதே ஆட்கள் ‘எதைப் போட்டாலும் எரியும்’ என்றும் சொல்வார்கள். குப்பை, ஒட்டுப்பலகை, வர்ணம் பூசிய மரம், மருந்து ஏற்றிய டெக் பலகை எதையும் போடக்கூடாது. பழைய டெக் பலகையில் ஆர்செனிக் இருக்கும், அதன் சாம்பலும் நஞ்சு.

வாங்குவதானால் புகையையே இரண்டாம் தடவை எரிக்கும் வகையை வாங்குங்கள். கடையில் ‘காசிபிகேஷன்’ என்று கேட்டால் காட்டுவார்கள். அமெரிக்காவில் 2020 மே 15 முதல் ஈ.பி.ஏ. என்ற சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தின் இரண்டாம் கட்ட அளவுகோலுக்கு மேல் புகை விடும் புதிய பேர்னஸை வீட்டுக்கு விற்க முடியாது. ஒரு மில்லியன் பி.ரி.யு. வெப்பத்துக்கு 0.10 இறாத்தல் தூசுதான் வெளியேறலாம், சாதாரணக் கொத்து விறகில் சோதித்தால் 0.15. கனடாவில் வாங்கினாலும் அந்த லேபிள் உள்ளதையே கேளுங்கள். பொருத்தி முடிக்க இருபதாயிரம் டொலரைத் தாண்டலாம். அதோடு, இந்த வகைக்கு ஈர விறகு சரிவரவே சரிவராது. ஆகவே என் ஆலோசனை, இந்த வருடம் விறகு, அடுத்த வருடம் பேர்னஸ். விறகைக் கொத்தி, பக்கம் திறந்த கொட்டிலில் மேலே மட்டும் மூடி அடுக்கி வையுங்கள். மேப்பிளுக்கு ஒரு முழுக் கோடையும் வேண்டும், ஓக் இரண்டு வருடம் எடுக்கும். முப்பது, நாற்பது டொலருக்கு ஈரமானி கிடைக்கிறது. விறகை வீட்டுக்குள் ஒரு நாள் வைத்து, திரும்ப ஒருமுறை பிளந்து, புதிதாகப் பிளந்த முகத்தின் நடுவில் ஊசியைக் குத்துங்கள். வெளிப்பக்கத்தில் குத்தினால் எப்போதும் நல்ல எண்தான் காட்டும். உறைந்த கட்டையில் குத்துவதிலும் பயனில்லை. 20 வீதத்துக்குக் கீழே வந்தால்தான் அது விறகு.

விறகு காயக் காத்திருப்பதில் ஒரு விலக்கு இருக்கிறது. உங்கள் காணியிலேயே இருக்கக்கூடும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். 2002இல் டெட்ரோயிட்டிலும் வின்சரிலும் கண்டுபிடிக்கப்பட்ட எமரல்ட் ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு, ஒன்ராறியோவின் ஆஷ் மரங்களைக் கொன்றுகொண்டே வந்திருக்கிறது. வேலியோரத்தில் இலையில்லாமல் நிற்கும் மரத்தின் பட்டையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். கையோடு உரிந்து வந்து, உள்ளே வளைந்து வளைந்து புழு ஓடிய தடமும், பட்டையில் ஒரு பக்கம் தட்டையான சிறு அரைவட்டத் துளைகளும் இருந்தால் அதுதான். ஆஷ் உயிரோடு நிற்கும்போதே மற்ற மரங்களைவிட ஈரம் குறைந்தது. நின்றபடியே செத்த ஆஷின் மேல் கிளைகள் சில மாதங்களில் எரிக்கும் பதத்துக்கு வந்துவிடும். ஆனால் அடிமரம் அப்படியல்ல, வேரோடு ஒட்டிய பகுதி ஈரமாகவே இருக்கும், அதைத் தனியாக அடுக்குங்கள். மானியைக் குத்தாமல் ஒரு கட்டையும் போடவேண்டாம். செத்த ஓக்குக்கு இந்தச் சலுகை கிடையாது, நின்று செத்தாலும் உள்ளே ஈரம்தான். இன்னொன்று, செத்த ஆஷ் மரம் முறுகிப்போய் இருக்கும், வெட்டும்போது மேல்கிளை முறிந்து தலையில் விழும். வாடகைக்குச் செயின்சோ எடுத்து உங்கள் கணவர் இறங்கவேண்டாம், மரம் வெட்டும் தொழில் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். வெட்டிய விறகைத் தூரத்து உறவினருக்குக் காரில் ஏற்றிக் கொடுக்கவும் வேண்டாம், வண்டு பரவுவதே அப்படித்தான்.

விறகை வெளியில் வாங்குவதானால் அளவில் ஏமாறாதீர்கள். ரொறொன்ரோவிலிருந்து வந்தவர்கள் என்று தெரிந்தாலே சிலர் ‘ஒரு கோர்ட்’ என்று சொல்லி பேஸ் கோர்ட்டைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். கோர்ட் என்றால் 4 அடி உயரம், 4 அடி அகலம், 8 அடி நீளம், மொத்தம் 128 கன அடி. எங்கள் பக்கத்தில் புஷ் கோர்ட் என்பார்கள். பேஸ் கோர்ட் என்பது அதே உயரமும் நீளமும் கொண்ட ஒற்றை வரிசை, அகலம் ஒரு கட்டை மட்டும், ஏறத்தாழ 16 அங்குலம். அதாவது மூன்றில் ஒரு பங்கு. விலையைக் கேட்கும்போதே “128 கன அடியா?” என்று கேளுங்கள், ரசீதில் எழுதி வாங்குங்கள், லொறியில் குவிந்து கிடப்பதைப் பார்த்து காசு கொடுக்காமல் அடுக்கி அளந்த பின் கொடுங்கள். ‘சீசன்ட்’ (காய்ந்த விறகு) என்ற சொல்லையும் நம்பவேண்டாம், மானியை அவர் முன்னாலேயே எடுங்கள்.

அடுத்தது நிலத்தடிக் குழாய். மலிவாக முடிப்பவர்கள் கறுப்பு நெளிவுக் குழாய்க்குள் பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் குழாயை விட்டு, வெள்ளித்தாள் சுற்றி இறக்குவார்கள். அடுத்த இளவேனிலில் அதற்குள் தண்ணீர் ஏறும். பிறகு நீங்கள் சூடாக்குவது உங்கள் முற்றத்து மண்ணை. பனி பெய்த காலையில் பேர்னஸிலிருந்து வீடு வரைக்கும் புல் தெரிகிற ஒரு நேர்கோடு இருந்தால் குழாய் போய்விட்டது என்று அர்த்தம். மூடிய நுரையில் இறுக வார்த்து, வெளியுறை ஒட்டிய குழாயைத்தான் கேட்கவேண்டும். அடி விலை அதிகம், அதில் பேரம் பேசாதீர்கள். புதைப்பதற்கு முன் குழியில் கிடக்கும்போதே படம் எடுத்து வையுங்கள். ஓடத் தொடங்கியதும் பேர்னஸிலிருந்து புறப்படும் சூட்டையும் வீட்டுக்குள் நுழையும் சூட்டையும் அளந்து பாருங்கள். நூறு அடித் தூரத்தில் ஒன்றிரண்டு பாகைக்கு மேல் குறையக்கூடாது.

இனி அலுவலகங்கள். விற்பனையாளர் ‘வெற் சான்று இருக்கிறது’ என்று ஒரு தாளைக் காட்டக்கூடும். வெற் அரசு அலுவலகம் அல்ல, இந்தத் தொழில் செய்பவர்களுக்குப் பயிற்சியும் சான்றும் கொடுக்கும் அமைப்பு. சான்று ஆட்களுக்கு, பேர்னஸுக்கு அல்ல. அந்தச் சான்றுள்ளவர் உங்கள் காணியில், பொருத்திய பிறகு, சி.எஸ்.ஏ. பி-365 என்ற, விறகு அடுப்புகளைப் பொருத்துவதற்கான கனடிய விதிப்படி பார்த்து எழுதிய அறிக்கைக்குத்தான் மதிப்பு. கட்டட அனுமதி நகரசபையில் எடுக்கவேண்டும். மின்கம்பி வேலைக்கு மின்சாரப் பாதுகாப்பு அதிகாரசபையின் அனுமதி வேறு. எல்லையிலிருந்து எத்தனை அடி தள்ளி வைக்கவேண்டும் என்பது நகரசபைக்கு நகரசபை மாறும், சில இடங்களில் வைக்கவே விடமாட்டார்கள். காப்புறுதி நிறுவனம் அறிக்கை இல்லாமல் ஒப்பாது, அறிக்கை எழுதுபவர் அனுமதித் தாளைக் கேட்பார், அனுமதி கொடுப்பவர் காப்புறுதியைப் பற்றித் தனக்குத் தெரியாது என்பார். இத்தனை பேர் வந்து போயும் குழாயின் காப்பையோ உங்கள் விறகின் ஈரத்தையோ பெரும்பாலும் ஒருவரும் பார்ப்பதில்லை. வீட்டுக்காரரின் காசு கரைவது அந்த இரண்டில்தான், அதை எந்தப் படிவமும் கேட்பதில்லை என்பது எனக்கு ஆறாத கோபம். ஒழுங்காகச் செய்ய நினைக்கும் குடும்பம் அலைகிறது, இரவோடிரவாகப் பொருத்திவிட்டுப் போகிறவன் தப்பிவிடுகிறான். எனவே முதல் தொலைபேசி அழைப்பு காப்புறுதிக்கு, இரண்டாவது நகரசபைக்கு, முற்பணம் அதற்குப் பிறகு.

பராமரிப்பில் பலர் மறப்பது தண்ணீரை. இந்தப் பேர்னஸ்களில் பெரும்பாலானவை காற்றுக்குத் திறந்தவை, அதனால் உள்ளே துரு பிடிக்கும். உற்பத்தியாளர் சொல்லும் மருந்தைக் கலந்து, வருடத்துக்கு ஒருமுறையாவது மாதிரி எடுத்துச் சோதிக்கவேண்டும். சோதனைத் தாள் இல்லையென்றால் உத்தரவாதமும் இல்லை. பேர்னஸுக்குத் திரும்பி வரும் தண்ணீர் 60 பாகைக்குக் கீழே போகாமல் பார்க்கும் வால்வு ஒன்றைப் போடச் சொல்லுங்கள், கிரியோசோட் குறையும். குளியலறை வெந்நீருக்குத் தனித் தகட்டு வெப்பமாற்றியும் (இரு தண்ணீரும் கலக்காமல் சூட்டை மட்டும் மாற்றுவது), குழாயில் 49 பாகைக்கு மேல் வராதபடி கலக்கும் வால்வும் கட்டாயம், பிள்ளைகளும் மாமியும் இருக்கும் வீடு. கதவின் விளிம்பில் காற்றுப் புகாமல் அடைக்கும் நாடாவில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், இலகுவாக வந்தால் நாடாவை மாற்றவேண்டும். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, வீட்டிலிருந்து தள்ளி வையுங்கள், தணல் நாள்கணக்கில் உயிரோடிருக்கும். ஏப்ரலில் நிறுத்தியதும் அந்த வாரமே சாம்பல் முழுவதையும் வழித்து, சுவரைச் சுரண்டி, மெல்லிய எண்ணெய் தெளித்து, புகைபோக்கியை மூடிவிடுங்கள். கோடை ஈரத்தில் சாம்பல் இரும்பை அரிப்பதுபோல் எரிக்கும்போதுகூட அரிக்காது. தண்ணீரை மட்டும் வெளியேற்றவேண்டாம், மருந்தோடு நிறைந்தே இருக்கட்டும்.

கடைசியாக, பொருத்த வருபவர் ‘இனி இது எதற்கு’ என்று புரொப்பேன் பேர்னஸைக் கழற்றச் சொன்னால் விடாதீர்கள். விறகு நெருப்பு அணைந்தால் வீட்டைக் காப்பது அதுதான். மின்சாரம் நின்றால் விறகு பேர்னஸின் பம்பும் புரொப்பேன் பேர்னஸின் விசிறியும் நிற்கும், மைனஸ் 25இல் குழாய் உறையும் அபாயம் உண்டு. பம்பையும் விசிறியையும் ஓட்டும் அளவுக்கு ஒரு சிறு ஜெனரேற்றர் வைத்திருங்கள். ஊருக்குப் போகும் வாரங்களில் நெருப்பில்லாவிட்டாலும் பம்ப் ஓடிக்கொண்டிருந்தால், புரொப்பேனால் சூடான வீட்டின் சூடு குழாயை உறையவிடாது. விறகு மட்டுமே உள்ள வீட்டை எடுக்கப் பல காப்புறுதி நிறுவனங்களும் தயங்கும்.