ஆடும் குழாய்ப் பிடி: பெங்களூரு வாசகர்களுக்குப் பதில்கள்

கேள்வி: அல்சூரில் பழைய வீடு. குளியலறைப் பித்தளைக் குழாயின் பிடி கடகடவென ஆடுகிறது. தண்ணீர் ஒழுங்காகத்தான் வருகிறது.

பதில்: பிடியின் நடுவில் உள்ள சிவப்பு அல்லது நீல மூடியைக் கத்தி முனையால் மெதுவாக நெம்புங்கள். அடியில் ஒரு ஸ்க்ரூ இருக்கும். ஸ்க்ரூ உள்ளே விழாதபடி கீழே தண்ணீர் வடியும் துளையைத் துணியால் அடைத்துவிட்டு, அதைக் கழற்றிப் பிடியை மேலே இழுங்கள். போர்வெல் தண்ணீர் வரும் வீடுகளில் ஸ்பிண்டில், அதாவது பிடி மாட்டியிருக்கும் தண்டின் பற்களில் வெள்ளையாக உப்பு படிந்திருக்கும். அதனால் பிடி முழுசாக இறங்காமல் பாதியில் நிற்கும், ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்கினாலும் நாலு நாளில் தளர்ந்துவிடும். வினிகரில் நனைத்த பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, பிடியை அடிவரை அழுத்திய பிறகே ஸ்க்ரூவைப் போடுங்கள். பாத்ரூம் ஆசிட் வேண்டாம், முலாம் போய்விடும். துருப்பிடித்த இரும்பு ஸ்க்ரூவுக்குப் பதில் அதே அளவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்க்ரூ இறுக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பிடி வெறுமனே சுற்றுகிறது.

பதில்: பிடியின் உள்பற்கள் தேய்ந்துவிட்டன, அல்லது பிளாஸ்டிக் பிடியின் நடுத்துளை விரிசல் விட்டிருக்கிறது. ஸ்பிண்டில் தலையில் இரண்டு மூன்று சுற்று டெஃப்லான் டேப் சுற்றிப் பிடியை அழுத்தினால் தற்காலிகமாக ஓடும். எம்சீல் வைத்து ஒட்டிவிடாதீர்கள். பிறகு வாஷர் மாற்றப் பிடியைக் கழற்றவே முடியாது.

புதுப் பிடிக்கு எஸ்.ஜே.பி. சாலைக் கடைகளுக்குப் போகும்போது தண்ணீரை மூடிவிட்டுப் பழைய ஸ்பிண்டிலையும் கழற்றி, பிடியோடு கையில் கொண்டுபோங்கள். 'அரை இஞ்ச் குழாய்ப் பிடி' என்று கேட்டால் மட்டும் போதாது. கம்பெனிக்குக் கம்பெனி பற்களின் எண்ணிக்கை மாறும், ஒரு பல் வித்தியாசம் இருந்தாலும் உட்காராது.

இங்கே ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பற்கள் தேய்வதற்குப் பெரும்பாலும் காரணம் உள்ளே இருக்கும் வாஷர்தான். வாஷர் பழுதானால் சொட்டு நிற்காது. நிற்கவில்லையே என்று வீட்டில் எல்லோரும் பலம்கொண்டு திருகுவார்கள், அந்தப் பலமெல்லாம் பிடியில்தான் இறங்கும். வாஷரை மாற்றாமல் பிடியை மட்டும் மாற்றினால் புதுப் பிடிக்கும் அதே கதிதான். விலை சொற்பம், கையோடு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ஸ்க்ரூவின் தலை வழுக்கிவிட்டது.

பதில்: துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்து அரை மணி நேரம் விடுங்கள். தலைமேல் அகலமான ரப்பர் பேண்டு வைத்து, அளவு சரியான ஸ்க்ரூ டிரைவரை நன்றாக அழுத்தியபடி திருப்புங்கள்.

கேள்வி: பிடி கெட்டியாக இருக்கிறது. ஆனால் தண்டோடு சேர்ந்து ஆடுகிறது, கழுத்தில் நீர் கசிகிறது.

பதில்: பிடிக்குக் கீழே உள்ள கிளாண்ட் நட் தளர்ந்திருக்கிறது. ஸ்பானரால் வலப்பக்கமாகக் கால் சுற்றுக்குள் இறுக்குங்கள். பிடி திருப்பக் கடினமானால் கொஞ்சம் தளர்த்துங்கள். கசிவு நிற்காவிட்டால் தண்ணீரை மூடி, நட்டைக் கழற்றி, டெஃப்லான் டேப்பை நூல்போல் முறுக்கி ஸ்பிண்டிலைச் சுற்றி நாலைந்து சுற்றுச் சுற்றி மீண்டும் பூட்டுங்கள்.

கேள்வி: நெம்புகோல் மாதிரிப் பிடி, மேலே மூடியே இல்லை.

பதில்: பக்கவாட்டிலோ பின்புறமோ சின்னத் துளை இருக்கும். உள்ளே ஆலன் ஸ்க்ரூ, அதாவது தலையில் அறுகோணக் குழி உள்ள ஸ்க்ரூ. பெரும்பாலும் 2.5 அல்லது 3 மி.மீ. ஆலன் கீ பொருந்தும்.

கேள்வி: பிடி அல்ல, குழாயே சுவரில் ஆடுகிறது. திருகி இறுக்கலாமா?

பதில்: பழைய இரும்புக் குழாய் என்றால் வேண்டாம். அரித்த மரை சுவருக்குள்ளேயே முறிந்தால் சுவரை உடைக்க வேண்டியிருக்கும். பிளம்பரைக் கூப்பிடுங்கள். அவர் வருவதற்குள் மாடித் தொட்டியின் கேட் வால்வை மூடி, குழாயைத் திறந்து, தண்ணீர் முழுதாக நிற்கிறதா என்று பாருங்கள். வருஷக்கணக்கில் திருப்பாத வால்வு பல நேரம் முழுசாக மூடாது. அப்படியானால் அதையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள்.